முப்பத்தொன்றாவது சான்றிதழ்

1

போன வாரம் பத்தொன்பதாவது முறையாக என் விசாவைப் புதுப்பித்துக்கொண்டேன். இங்கே வந்து குடித்தனம் நடத்தி, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே முடியும் நரைத்துவிட்டது. ஆனாலும் நான் இன்னும் ஒரு வருடத்துக்கான ஆள்தான். கடவுச்சீட்டில் குத்துகிற முத்திரையில் தற்காலிகம் என்ற பொருளில் ஒரு மலாய்ச் சொல் இருக்கும். பக்கத்து நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்து, "ஆமாம், இவள் என் மனைவிதான்" என்று வருடா வருடம் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சில வருடங்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பம் போட்டு ரொம்ப நாளாகிறது. அது பரிசீலனையில் இருக்கிறது. எப்போது கேட்டாலும் அங்கேயேதான் இருக்கிறது. இந்த முறை சிரம்பான் குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் கொஞ்சம் இரக்கமானவள். "உள்ளூர் மக்களோடு கலந்து பழகுகிறீர்கள் என்று காட்ட ஏதாவது தாள் இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சான்றிதழ் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போனால், அறந்தாங்கியில் இருக்கிற என் சொந்தங்களான நீங்கள் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

2

கோலா சாவா பக்கம் ஒரு பழைய எஸ்டேட் ஆஸ்பத்திரி இருக்கிறது. எஸ்டேட் போய்விட்டது, ஆஸ்பத்திரிக் கட்டடம் மட்டும் நிற்கிறது. எண்ணெய்க்காக வளர்த்த செம்பனையை வெட்டிவிட்டு வீடு கட்டுகிறார்கள். மரம் விழுந்தால் அதில் இருந்ததெல்லாம் தெருவுக்கு வரும். கார் அடித்த நீர்நாய், கம்பியில் சிக்கிய உடும்பு, தாயைத் தொலைத்த மரநாய்க் குட்டி என்று எல்லாம் கடைசியில் எங்களிடம் வந்து சேரும். அரசாங்கத்தின் ஓர் இலாகா தருகிற மானியத்தில்தான் நாங்கள் ஓடுகிறோம். காட்டு விலங்குகளுக்கு மறுவாழ்வு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றைப் பற்றிய கல்வி என்று இரண்டு தலைப்பில் அந்த மானியம் வருகிறது. அங்கே நான் கிளார்க். எஸ்டேட் பாஷையில் கெரானி.

டாக்டர் தேவநேசன் எங்கள் மிருக வைத்தியர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து எஸ்டேட் ஆபீசில் எழுத வந்தவர். தாள்கள் மீதான பயபக்தி பேரனின் ரத்தத்திலும் இருக்கிறது. அரசாங்கக் கடிதம் வந்தால் கை கழுவிவிட்டுத்தான் பிரிப்பார்.

மூன்றாவது ஆள் சரசு அக்கா. எஸ்டேட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். எஸ்டேட் மூடியதும் எல்லோரும் செனவாங், நீலாய் என்று அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு மட்டும் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்ற மனம் வரவில்லை. பிராணிகளுக்குத் தீனி போட ஆள் தேவை என்று டாக்டர் கூப்பிட்டபோது விசிலோடுதான் வந்து சேர்ந்தார்.

காலை ஆறரைக்கு எஸ்டேட்டில் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. சரசு அக்கா பிராணிகளுக்கும் பெரட்டு வைத்தார். விசில் ஊதி, நீலக் காலிக்கோ அட்டை போட்ட செக்ரோலை, அதாவது ஆள் வருகைப் பதிவேட்டை, திறந்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, முன்னால் வந்தால் பழமோ மீனோ கொடுத்து, நேராக ஒரு கோடு போடுவார்.

"காட்டுக்குப் போற பிராணிக்கு விசில் பழக்கக்கூடாது அக்கா" என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"கூண்டைத் தொறந்துதானே டாக்டர் போட்டிருக்கோம்? போறது போவட்டும். ஆனா ஆளு வந்துச்சா வரலையான்னு நமக்குத் தெரிய வேணாமா லா?"

அதிலும் ஒரு முறை வைத்திருந்தார். தொடர்ந்து பத்து நாள் ஒரு பிராணி பெரட்டுக்கு வராவிட்டால் சிவப்புப் பென்சிலால் அதன் பெயரை வெட்டுவார். அது தானாகத் தேடித் தின்னக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். டாக்டர் பாஷையில் வெற்றிகரமான விடுவிப்பு. அக்கா பாஷையில் பேர் வெட்டியாச்சு.

பெயர் என்று சொன்னேன் அல்லவா, அது எல்லாம் பழைய செக்ரோலில் இருந்த பெயர்கள்தான். மரநாய்க்குப் பாக்கியம், நீர்நாய்க்கு ராணி, அலகு உடைந்த இருவாச்சிக்குப் பேச்சாயி. இங்கே தமிழர் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் மகன், மகள் என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் வரும். அக்கா அதையும் விடவில்லை. உடும்பு, 'காளியப்பன், மகன் பெருமாள்'. எல்லாம் ரோமன் எழுத்தில், கொட்டை கொட்டையாக. நான் வேலைக்கு வருவது எட்டு மணிக்கு. அதனால் பெரட்டை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அரசாங்கத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரே பிராணி ஒரு காக்கை. இந்த நாட்டில் காக்கைக்குப் பாதுகாப்புக் கிடையாது. வெளியிலிருந்து வந்த தொல்லைப் பறவை என்று ஆள் வைத்துச் சுடுகிறார்கள். அப்படிச் சுட்டதில் இறக்கை கிழிந்து ஒன்று எங்கள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வந்து விழுந்தது. அன்று அமாவாசை. ஊரில் அம்மா கொல்லைப்பக்கம் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்ட பிறகுதான் ஒன்று அரைமனதாக இறங்கி வரும். இங்கே நான் சோறு வைத்துத் திரும்புவதற்குள் இது வந்து விழுந்துவிட்டது.

"இதுக்கு ஃபைல் போட ஏலாது மலர்" என்றார் டாக்டர். "இது இந்த நாட்டுப் பறவை இல்ல. அந்தக் காலத்துல எஸ்டேட்டுப் புழுவைத் தின்னணும்னு கப்பல்ல கொண்டுவந்து விட்டதாம்."

"நம்மளையும் அதே கப்பல்லதானே கொண்டாந்தாங்க" என்று சொல்லிவிட்டுச் சரசு அக்கா காக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

3

மானியம் தொடர வேண்டுமென்றால் வகுப்பின் வருகைப் பதிவேட்டை இணையத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை. இங்கே சனிக்கிழமை டியூஷனுக்குப் போகாத பிள்ளை பெற்றோரிடம் தப்பாது. ஐந்து பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் காக்கையைப் பார்க்க வருவார்கள். மானியம் தொடராவிட்டால் நிலைமை எளிது: ஆஸ்பத்திரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பிராணிகளைத் தொலைதூரத்தில் ஒரு காட்சிசாலைக்கு லாரியில் ஏற்றுவார்கள். அங்கே கூண்டைத் திறந்து வைக்கிற பழக்கம் இல்லை.

புதுக்கோட்டை அரசுக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரே வகுப்பில் ஏழு பேருக்கு நான் புராக்ஸி கொடுத்திருக்கிறேன். கனகாவுக்குக் கீச்சுக் குரல், ஃபாத்திமாவுக்குச் சளி பிடித்த குரல். அந்தக் கைவரிசையெல்லாம் இணையத்தில் செல்லுபடியாகாது. அதனால் ஐந்து பேர் வந்ததையே நேர்மையாகக் காட்டிவிட்டுக் கடவுள்மேல் பாரத்தைப் போடலாம் என்று முடிவுசெய்தேன்.

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு அந்த இணையதளம் மூடிவிடும். நாலரைக்கு என் மகள் திவ்யாவிடம், "மேசை மேல இருக்கிற நீல நோட்டைப் படம் எடுத்து ஏத்திடு" என்று சொல்லிவிட்டு நீர்நாய்க்கு மீன் வெட்டப் போனேன். திவ்யாவுக்குப் பதினேழு வயது. நான் மலாயில் பேசினால் கடைக்காரன் முன்னாலேயே திருத்துவாள். தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆனால் வேலை சுத்தமாக இருக்கும். மூன்று பக்கத்தையும் ஏற்றிவிட்டு, "டன்மா" என்றாள். நான் மீன் கையோடு வந்து அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

வகுப்பு நோட்டும் நீலம். சரசு அக்காவின் செக்ரோலும் நீலம். இரண்டும் ரந்தாவில் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. வாங்கியவள் நான்தான்.

4

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டாக்டர் கை கழுவிவிட்டுப் பிரித்தார். படித்துவிட்டு மறுபடியும் போய்க் கை கழுவினார்.

எங்கள் வகுப்பின் வருகை குழுவையே நெகிழவைத்துவிட்டதாம். சிலர் நடுவில் நின்றுவிட்டாலும் மீதி முப்பத்தொரு பேர் மூன்று மாதமாக ஒரு நாள்கூட விடாமல், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்திருக்கிறார்களாம். எஸ்டேட் சமூகத்தில் இப்படியொரு கல்வி ஆர்வமா என்று வியந்திருந்தார்கள். புவான், அதாவது திருமதி, ஃபரீதா என்ற அதிகாரி நேரில் வந்து முப்பத்தொரு பேருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டு, மானியத்தைப் புதுப்பிப்பது பற்றி அங்கேயே முடிவு செய்வாராம்.

ஏற்றிய படங்களைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தின் முதல் வரி: காளியப்பன், மகன் பெருமாள். அடுத்த பக்கத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மூடிவிட்டேன்.

"உண்மையை எழுதிடலாம் டாக்டர்" என்றேன்.

"எழுதினா விசாரணை வரும் மலர். விசாரணை வந்தா நோட்டு நோட்டாக் கேப்பாங்க. அந்தக் காக்காவைப் பத்திக் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

சரசு அக்கா பப்பாளி நறுக்கிக்கொண்டே கேட்டார். "அவங்களுக்கு என்னா வேணும்? செக்ரோல்ல இருக்கிற ஆளுங்க வந்து நிக்கணும். அவ்வளவுதானே? வரச் சொல்லிட்டாப் போச்சு."

"யாரை?"

"பாக்கியத்தை. ராணியை. காளியப்பனை. எல்லாம் உசுரோடதானே இருக்காங்க?"

டாக்டரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா அதற்குள் கைபேசியில், "அடியே பாக்கியம், வர்ற வியாழன் லீவு போடு" என்று ஆரம்பித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் முப்பது பேர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். "அந்த இன்னொண்ணை நான் பாத்துக்கிறேன்" என்றார். யார் அது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அக்கா சொல்லச் சொல்ல, ஆளுக்கு மூன்று வரியாக அவரவர் பெயரில் இருக்கிற பிராணியைப் பற்றி எழுதி அனுப்புவதிலேயே என் நேரம் போயிற்று. அதிகாரி ஏதாவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே.

கல்லூரியில் மனுஷிக்கு மனுஷி புராக்ஸி கொடுத்தேன். இருபத்தைந்து வருடம் கழித்து மனிதர்களை வைத்து உடும்புக்குப் புராக்ஸி ஏற்பாடு செய்தேன். படிப்பு வீணாகவில்லை.

5

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு வாடகை பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் யாரும் இல்லை. பட்டுப்புடவையில் சிலர், தொழிற்சாலைச் சீருடையோடு சிலர். பாக்கியம் அக்கா நேராகக் கூண்டுப் பக்கம் போய் மரநாயைப் பார்த்துவிட்டு வந்து சண்டை பிடித்தார்.

"ஏன்டி சரசு, என் பேருக்கு வேற பிராணியே கெடைக்கலையா?"

"ராவெல்லாம் முழிச்சிருந்து பலாப்பழம் திருடினது யாரு? நீயா நானா?"

பாக்கியம் அக்கா முறைத்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

புவான் ஃபரீதா பள்ளிப் பிள்ளைகளை எதிர்பார்த்து வண்ணப் பென்சில் பைகளோடு வந்திருந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. முதியோர் கல்வி! அது அறிக்கையில் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். பாக்கியம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று மலாயில் அன்பாகக் கேட்டார்.

பாக்கியம் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த மூன்று வரியும் மனப்பாடம்தான், ஆனால் பதற்றத்தில் எல்லாம் அவருடைய சொந்த விஷயமாக வந்துவிட்டது. "நான் பப்பாளி தின்பேன். பகலில் தூங்குவேன். வாலுக்கு அடியில் எனக்கு ஒரு வாசனைப் பை இருக்கிறது."

புவான் ஃபரீதா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நாற்காலிகளில் சலசலப்பு. பல வருடம் பார்க்காதவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பேசாமல் இருப்பார்களா? சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கச் சொல்லி டாக்டர் இரண்டு தடவை கெஞ்சினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரசு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாக விசிலுக்குப் போயிற்று.

ஒரே ஊதல். முப்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வரிசையில் நின்றார்கள். அதே ஊதலுக்குப் பின்பக்கக் குட்டையிலிருந்து நீர்நாய்கள் வரிசையாக ஓடிவந்தன. உடும்பு விழாவுக்குப் போட்டிருந்த கூடாரத்தின் ஓரமாக ஊர்ந்து வந்து நின்றது. பகலில் தூங்குகிற மரநாய்கூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. "ராணி!" என்று அக்கா கூப்பிட்டார். ஓர் அம்மாள், "வந்தேன்" என்றார். நீர்நாய் எழுந்து பின்னங்காலில் நின்றது.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். புவான் ஃபரீதா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், நீர்நாயைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். நோட்டு மாறியது, மாற்றியது நான், இவர்கள் மேல் தப்பில்லை, பிராணிகள் மேலும் தப்பில்லை என்று என் உடைந்த மலாயில் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே லாரி வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

அவர் சான்றிதழ்க் கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதற்கெல்லாம் வரிசை எண் ஏறிவிட்டது. ரத்துசெய்ய வேண்டுமென்றால் பெற்றவரே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நீர்நாய் கையெழுத்துப் போடுமா?"

"போடாது புவான்" என்றார் டாக்டர், மிகுந்த மரியாதையோடு.

"அப்படியானால் ரத்துசெய்ய வழியில்லை." செக்ரோலை வாங்கிப் புரட்டினார். "இந்தச் சிவப்புக் கோடு என்ன? நடுவில் நின்றுவிட்டவர்களா?"

"அவங்க பொழைச்சுப் போனவங்க" என்றார் சரசு அக்கா. நான் மொழிபெயர்த்தேன். "காட்டுலயே தேடித் தின்னுக்கிறாங்க. இங்க வர வேண்டியதில்ல. இன்னும் வந்துக்கிட்டு இருக்கிறதுங்கதான் எனக்குக் கவலை."

புவான் ஃபரீதா சிவப்புக் கோடுகளை விரலால் எண்ணினார். பதினொன்று. "என் உத்தியோக வாழ்க்கையில், வருகை குறைய வேண்டும் என்று பாடுபடுகிற திட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். அப்புறம் பாக்கியம் அக்காவைப் பார்த்தார். "கல்வியும் நடந்திருக்கிறது. மரநாயின் வாசனைப் பையைப் பற்றி எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்."

மானியம் புதுப்பிக்கப்பட்டது. ஒரு வருடத்துக்கு மட்டும், தற்காலிகமாக. என் கடவுச்சீட்டில் குத்துகிற அதே சொல்லை அவர் எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு வந்த காரியத்தை முடித்துவிடலாம் என்று பெயர் பெயராக வாசித்தார். முப்பது பேர் வாங்கிப் போனார்கள். கடைசித் தாளை எடுத்துக் கொஞ்சம் தடுமாறி வாசித்தார்: "மலர்விழி, மகள் இந்தியா."

அது என் முழுப் பெயர். யாரும் எழுந்திருக்கவில்லை. படிக்கட்டிலிருந்து ஒற்றை இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காக்கை தத்தித் தத்தி வந்து அவர் காலடியில் நின்றது.

நான் சரசு அக்காவைப் பார்த்தேன். அக்கா விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒங்கப்பா பேரு எனக்குத் தெரியாதே கெரானியம்மா. அதான் ஊரு பேரைப் போட்டேன். அது வந்த அன்னிக்குச் சோறு வச்சது நீங்கதானே?"

"காக்கை பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை. அதற்கு நான் கொடுக்க முடியாது" என்றார் புவான் ஃபரீதா. காக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் நீட்டினார். "பெயர் உங்களுடையதுதானே? பிடியுங்கள்."

6

கவுண்டர் பெண் சான்றிதழை விரித்துப் படித்தாள். மூன்று மாதம், முழு வருகை, ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. இந்த நாட்டு அரசாங்கம் எனக்குக் கொடுத்ததில் காலாவதித் தேதி போடாத ஒரே தாள் அதுதான். அதைப் போன வாரம்தான் நான் கவனித்தேன்.

"அப்பா பெயர் இந்தியாவா?" என்று கேட்டாள்.

"இல்லை, ராமநாதன். எழுதியவருக்கு அது தெரியாது" என்றேன். கணவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். அந்தப் பெண் சிரித்துவிட்டு நகல் எடுத்தாள். அசலின் உண்மை நகல் என்று முத்திரை குத்தி, என் கோப்பில் வைத்தாள். கோப்பு பரிசீலனைக்குத் திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை முதல் தடவையாக ஆறரை மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இன்னும் பனி இருந்தது. அக்கா விசில் ஊதிப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சாயி வரவில்லை. பத்தாவது நாளாம். அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்து நக்கி, அளவுகோல் வைத்து நேராக வெட்டினார். மூக்கை உறிஞ்சியது சளியாலா என்று நான் கேட்கவில்லை.

"மலர்விழி!"

"வந்தேன் அக்கா" என்றேன். காக்கை எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கோடு போட்டார்.